கண் வீதிக்கு, காது கருவிக்கு



இன்று உங்களோடு ஒரு சிறிய கருவியைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். ஸ்கூட்டரிலே பூட்டி வைத்து வழி அறிந்து செல்வதற்குப் பயன்படும் ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டியே அது. கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபருக்கு இயந்திர விடயத்தில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் எனக்கும் இருந்தது. ஆனால், ஒரு நாள் மாலை வாய்க்காற் கரையொன்றில் நானும் என் ஸ்கூட்டருமாகச் சரிந்து விழுந்த பின்பு, அந்த வேலை எனக்கும் உண்டு என்பதை உணர்ந்தேன். அந்தக் கதையையே முதலிற் சொல்லிவிடுகிறேன்.

நான் தென்மராட்சியிற் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர் ஒழுங்கைகள் எத்தனை முறை வளைந்தாலும் ஓர் ஆலமரமோ, ஒரு வைரவர் கோயிலோ, ஒரு பழைய சங்கக் கடையோ வழி சொல்லிவிடும். கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றுக்கு மாற்றலாகி வந்தபோது நிலைமை வேறாயிற்று. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்த குடியேற்றத் திட்டங்கள் அவை. அங்கே வாய்க்காலின் இலக்கமே முகவரி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நெடுந்தூரம். ஒரு வாய்க்காற் கரையைப் போலவே மற்றைய வாய்க்காற் கரையும் இருக்கும். புதிதாய் வந்தவன் எந்தக் கரையில் நிற்கின்றான் என்பது அவனுக்கே தெரியாது.

பதினோராந் தரத்து மாணவன் ஒருவன் இரண்டு வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பங்களை அனுப்பவேண்டிய காலம் அது. அவன் பாடங்களைச் சரிபார்த்துக் கையொப்பம் இடவேண்டியிருந்தது. இறுதி நாளுக்கு இன்னும் ஒரு நாளே இருந்தது. கொடுத்த தொலைபேசி இலக்கத்துக்கு விடை இல்லை. ஆகவே, பாடசாலை விட்ட பின்பு நானே அவன் வீட்டைத் தேடிப் புறப்பட்டேன். வகுப்பாசிரியர் அந்த வீட்டின் இருப்பிடத்தைக் கைத்தொலைபேசியிலே குறித்துத் தந்திருந்தார். வீதியோரக் கடையொன்றில் வாங்கிய விலை மலிந்த கவ்வி ஒன்றினால் அந்தத் தொலைபேசியைப் பின்பார்வைக் கண்ணாடியின் தண்டிலே மாட்டிக்கொண்டு சென்றேன்.

வாய்க்காற் கரையில் ஒரு மதகு. அதன்மேல் ஏறி இறங்கியபோது கவ்வி தளர்ந்து, தொலைபேசி தலைகீழாகக் கவிழ்ந்தது. ஸ்கூட்டரை நிறுத்தாமலே ஒரு கையை நீட்டி அதை நிமிர்த்த முயன்றேன். ஒரு கணந்தான். முன் சில்லு மணலிற் புதைந்தது. நான் கரையோரத்திற் கிடந்தேன். முழங்காலிற் சிராய்ப்பு, கண்ணாடி உடைந்தது, தலைக்கவசத்தினால் தலை தப்பியது.

வயலில் நின்ற பெரியவர் ஒருவர் ஓடி வந்து தூக்கிவிட்டார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் தொலைபேசியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, இந்தப் பாதை அங்கால மழைக்கு உடைஞ்சுபோய்க் கிடக்கு. வந்த வழியே போய்ப் பிள்ளையார் கோயிலடியால திரும்புங்கோ. அந்தப் பொடியன்ர தகப்பன் ஆசுப்பத்திரியில. பொடியன்தான் இப்ப வயல் பாக்கிறான்" என்றார்.

கருவி எனக்கு வீட்டைக் காட்டியது. பாதை உடைந்திருப்பதையோ, அந்த வீட்டின் துயரத்தையோ அது காட்டவில்லை. பெரியவர் சொன்ன வழியே சென்றேன். பொழுது சாயும் நேரத்தில், வயல் வரம்பிலே மண்வெட்டியுடன் நின்ற என் மாணவனைக் கண்டேன். விண்ணப்பத்தில் அங்கேயே கையொப்பமும் பெற்றேன். அவன் பரீட்சைக்குத் தோற்றினான்.

நேயர்களே, அந்த நாளுக்குப் பின் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். அதை முறையாகக் கற்றேன், முறையாகப் பூட்டினேன். இன்றும் அதனோடுதான் பயணம் செய்கிறேன். நான் கற்றவற்றில் உங்களுக்கும் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலிலே, இந்தக் கருவி வேலை செய்யும் வகையை அறிந்துகொள்வோம். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1973ஆம் ஆண்டிலே தொடங்கிய திட்டம் இது. முதற் செய்மதி 1978இல் விண்ணுக்கு ஏவப்பட்டது. 1983ஆம் ஆண்டிலே கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் வான்பரப்பினுள் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த அவலத்தின் பின்னர், இம்முறைமை பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்படும் என அப்போதைய ஜனாதிபதி ரேகன் அறிவித்தார். 1995இல் அது முழுமை பெற்றது. பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கினார்கள். வழி தவறிய ஒரு விமானத்தின் துயரம், இன்று வழி தேடும் சாதாரண மனிதனுக்கு உதவியாக நிற்கின்றது.

செய்மதிகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் நாளொன்றுக்கு இரண்டு முறை சுற்றி வருகின்றன. குறைந்தது 24 செய்மதிகள் வேண்டும். முப்பதுக்கு மேற்பட்டவை இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் நேரம் இன்னது" என்பதை ஒவ்வொரு செய்மதியும் இடையறாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றது.

மின்னலைக் கண்டபின் இடி கேட்கும் வரையில் எண்ணிப் பார்ப்பது சிறுவர் வழக்கம் அல்லவா? மூன்று செக்கன் கழிந்து இடி கேட்டால் மின்னியது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் என்று கொள்வோம். நம் கருவியும் அதையே செய்கின்றது. செய்மதியின் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தைக் கணித்துத் தூரத்தை அறிகின்றது. ஆனால் அது ஒலியின் வேகம். இது ஒளியின் வேகம். ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிழைத்தாலும் 300 மீற்றர் பிழைத்துவிடும். கைத்தொலைபேசியிலுள்ள கடிகாரம் அணுக் கடிகாரம் போல் நுண்மையானதன்று. ஆகவே, இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், நம் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது செய்மதியுமாக நான்கு செய்மதிகள் வேண்டும்.

இங்கே வானொலி நேயர்களாகிய உங்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய உண்மை ஒன்று உண்டு. உங்கள் வானொலிப் பெட்டி கேட்கின்றதேயன்றி நிலையத்துக்கு மறுமொழி சொல்வதில்லை. அதுபோலவே இக்கருவியும் செய்மதியைக் கேட்கின்றது, அதனோடு பேசுவதில்லை. ஆகையால், இடத்தை அறிவதற்குக் கட்டணமும் இல்லை, இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்தைக் குறித்துக் காட்டும் தேசப்படம் இணையத்தின் வழியாக வருகின்றது. காட்டோரத்தில் தொலைபேசிச் சமிக்ஞை அற்றுப்போனால் படம் வெறுமையாகிவிடும். வீட்டிலிருந்து புறப்படுமுன் அப்பகுதியின் படத்தைத் தொலைபேசியிலே இறக்கிச் சேமித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. வீட்டில் ஒதுங்கிக் கிடக்கும் பழைய தொலைபேசி ஒன்றைக்கூட, சிம் அட்டை இன்றி, இவ்வாறு வழிகாட்டியாக்கிக் கொள்ளலாம். விழுந்தாலும் நட்டம் சிறிது.

இனி, பூட்டும் முறை. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட தனி ஜி.பி.எஸ். கருவிகளும் உண்டு. மழையைத் தாங்கும், கையுறையோடும் இயக்கலாம். விலைதான் அதிகம். நம்மிற் பெரும்பாலோருக்குக் கைத்தொலைபேசியே கருவி. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி திறந்த குழாயாக இருப்பதால் எந்தத் தாங்கியையும் அதிலே இறுக்கிவிடலாம். ஸ்கூட்டரின் கைப்பிடியையோ பிளாஸ்ரிக் உறை மூடியிருக்கும். கவ்விப் பிடிக்க இடம் இல்லை. ஆதலால் பின்பார்வைக் கண்ணாடியின் தண்டு ஏறும் இடமே தக்கது. தண்டிலே கவ்வும் தாங்கியைவிட, தண்டைக் கழற்றி அதன் அடியிலே வளையமாகச் செருகி நட்டினால் இறுக்கப்படும் தாங்கி உறுதியானது. உலோகத்தாலான தாங்கியாகவும், தொலைபேசியை நான்கு மூலையிலும் பிடிப்பதாகவும் இருக்கட்டும். றப்பர் வலை ஒன்றும் மேலே இருந்தால் இன்னும் நன்று.

வலப் பக்கமா, இடப் பக்கமா? நம் நாட்டிலே இடப் பக்கமாகச் செல்கிறோம். நம்மை முந்தும் வாகனங்கள் வலப் பக்கமாக வருகின்றன. எனவே வலக் கண்ணாடியின் காட்சியை எதுவும் மறைத்தல் ஆகாது. வேகத்தைக் கூட்டும் பிடியும் வலக் கையிலேயே உள்ளது. இக்காரணங்களால் இடக் கண்ணாடியின் தண்டிலேயே நான் பூட்டியிருக்கிறேன். அது வேகமானியையும் எரிபொருள் காட்டியையும் மறைக்கவில்லை. பூட்டிய பின் கைப்பிடியை இரு பக்கமும் முற்றாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். பிறேக் பிடியிலோ முழங்காலிலோ தாங்கி முட்டுமானால் இடத்தை மாற்றவேண்டும். முதல் நாள் ஓடி வந்தபின் நட்டை மறுபடியும் இறுக்குங்கள். அதிர்வு எதையும் தளர்த்திவிடும் என்பதை என் முழங்கால் அறியும்.

அதிர்வினாற் கெடுவது நட்டு மாத்திரம் அன்று. வலுமிக்க மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு தொலைபேசிக் கமராவின் நுண்ணிய பாகங்களைப் பழுதாக்கலாம் என அப்பிள் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் எச்சரித்தது. ஸ்கூட்டரின் அதிர்வு அதனிலும் குறைந்தது. எனினும், அதிர்வைத் தணிக்கும் றப்பர் பாகமுள்ள தாங்கியைப் பயன்படுத்துமாறு அந்நிறுவனம் கூறியது.

மின்னூட்டத்துக்கு வருவோம். திரை ஒளிர்ந்துகொண்டே இருப்பதால் தொலைபேசியின் மின் விரைவிற் குறையும். ஸ்கூட்டரின் பற்றரி 12 வோல்ற். தொலைபேசிக்குச் சாதாரணமாக 5 வோல்ற். இடையே அதனை மாற்றித் தரும் யூ.எஸ்.பி. இணைப்பு ஒன்றைப் பொருத்தவேண்டும். பற்றரி சிறியது. ஆகவே, திறப்பைத் திருப்பினால் மாத்திரம் மின் வரும் வகையிலே இணைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் காலையில் ஸ்கூட்டர் உயிர் பெறாது. பியூஸ் ஒன்று இன்றியமையாதது. கைப்பிடி திரும்பும் இடத்தில் வயர் சற்றுத் தளர்வாக இருத்தல் வேண்டும்; இழுபட்டால் அறுந்துவிடும். இந்த வேலையை அறிந்த மெக்கானிக்கிடம் விடுவதே சிறப்பு. நானும் அவ்வாறே செய்தேன்.

வெயிலும் மழையும் இக்கருவிக்குப் பகை. நண்பகல் வெயிலிலே தொலைபேசி சூடேறித் திரை மங்கும். சில வேளை தானே நின்றுவிடும். மழையில், திரையின் மேல் விழும் துளிகளை விரல் என்று எண்ணி அது தடுமாறும். நீர் புகாத உறை மழைக்கு உதவும். ஆனால் வெயிலில் அதே உறை சூட்டைக் கூட்டும். பெருமழையில் தொலைபேசியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டு, ஒதுங்கி நிற்பதே அறிவு.

நேயர்களே, இதுவரை சொன்னவை யாவும் ஒரே நோக்கத்துக்காகவே. கருவியை உறுதியாகப் பூட்டுவது தொலைபேசியைக் காப்பதற்காக மாத்திரம் அன்று. நம் கண்ணை வீதியிலே வைத்திருப்பதற்காக. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் ஸ்கூட்டர் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கின்றது. இரண்டு செக்கன் திரையைப் பார்த்தால் 22 மீற்றர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு செல்கிறோம். அந்த 22 மீற்றருக்குள் ஒரு பள்ளம் இருக்கலாம், ஒரு மாடு நிற்கலாம், ஒரு குழந்தை ஓடிவரலாம்.

ஆகவே, செல்லுமிடத்தைப் புறப்படுமுன்பே பதிந்துவிடுங்கள். வழி முழுவதையும் ஒருமுறை பார்த்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புவியியல் கற்பித்த காலத்தில், தேசப்படத்தை விரித்துவைத்து, "ஆறு எங்கே, வீதி எங்கே, எந்த இடத்திலே இரண்டும் சந்திக்கின்றன?" என்று மாணவரைக் கேட்பேன். அந்தப் பழக்கம் இன்றும் உதவுகின்றது. பயணத்தின்போது கருவியின் குரலை மாத்திரம் கேளுங்கள். தமிழிலேயே வழி சொல்லும் வசதியும் உண்டு. இரு காதையும் அடைக்கும் ஒலிக்கருவிகள் வேண்டாம். பின்னால் வரும் பேருந்தின் ஒலியும் நமக்குக் கேட்கவேண்டும். எதையாவது மாற்றவேண்டுமானால் ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு மாற்றுங்கள். திருப்பத்தைத் தவறவிட்டாலும் பதறவேண்டாம். கருவி கோபிப்பதில்லை, புது வழி சொல்லும்.

கருவி சொல்வதை அப்படியே நம்பலாமா? திறந்த வெளியிலே கைத்தொலைபேசி ஏறத்தாழ 5 மீற்றருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அடர்ந்த மரநிழலிலும் கொழும்பின் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் பிழை கூடும். வாய்க்காலின் இரு கரையிலும் பாதை உள்ள எங்கள் பகுதியில், நாம் இக்கரையிற் செல்ல, அக்கரையிற் செல்வதாக அது காட்டுவதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பாலம் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும்.

பெயரிலும் மயக்கம் உண்டு. புதுக்குடியிருப்பு என்ற ஊர் முல்லைத்தீவு மாவட்டத்திலும் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்திலும் உண்டு. பெயரை மாத்திரம் நம்பிப் புறப்பட்டவர் தூரத்தைப் பார்த்தபின்பே பிழையை உணர்வார். படத்தின் வயதையும் கவனிக்கவேண்டும். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய படத்தில் அவ்விடம் வெறும் நீர். இன்று அது பெருவீதி. கருவிக்கு நம் வாகனத்தின் வகையும் தெரியாமற் போகலாம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஸ்கூட்டருக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. காருக்குரிய வழியைக் கேட்டுக்கொண்டு சென்றால் அதன் வாயிலிலே திருப்பி அனுப்புவார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது, நிலத்தின் அன்றைய நிலைமை. 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய நாளிலே உடைந்த ஓர் உள்ளூர்ப் பாதையை, யாராவது அறிவித்தாலன்றிக் கருவி அறியாது. மாலை வேளையில் யானை கடக்கும் இடத்தை அது அறியாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய காணியினூடே குறுக்குவழி இருப்பதாகப் படம் காட்டினாலும், பலகை சொல்வதே வேதவாக்கு. செய்மதி 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து பார்க்கின்றது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது எதையும் பார்ப்பதில்லை; நேரத்தைச் சொல்கின்றது, அவ்வளவே. பார்ப்பவர்கள் நாமும், வழியிலே நிற்கும் மனிதர்களுமே.

இக்காலத்து இளைஞர்கள் வழி கேட்பதை ஓர் இழிவு போல எண்ணுகின்றனர். கருவி கையில் இருக்க, வாய் திறப்பானேன் என்கின்றனர். அன்று அந்தப் பெரியவரிடம் நான் விழாமலே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் முழங்காலும் தப்பியிருக்கும், பொழுதும் மிஞ்சியிருக்கும். வழி கேட்பவனுக்கு வழி மாத்திரமா கிடைக்கின்றது? அந்த ஊரின் செய்தியும் கிடைக்கின்றது. என் மாணவனின் தந்தை வைத்தியசாலையில் இருப்பதை எந்தச் செய்மதி எனக்குச் சொல்லியிருக்கும்? அதை அறியாமற் சென்றிருந்தால், வராத குற்றத்துக்காக அவனைக் கடிந்து பேசியே தொடங்கியிருப்பேன். அறிந்து சென்றதனால், "தம்பி, அப்பாவுக்கு எப்படி இருக்கின்றது?" என்று தொடங்கினேன்.

ஆகவே, நேயர்களே, ஸ்கூட்டரிலே இடங்காட்டியைப் பூட்டுங்கள், அஞ்சவேண்டாம். உறுதியாகப் பூட்டுங்கள். புறப்படுமுன் படத்தைப் பாருங்கள். புறப்பட்ட பின், கண்ணை வீதிக்குக் கொடுங்கள். காதைக் கருவிக்குக் கொடுங்கள். வாயை ஊராருக்குக் கொடுங்கள். இந்த மூன்றையும் இடம் மாற்றாமல் வைத்திருப்பவர் பத்திரமாகப் போய்ச் சேர்வார்.

வணக்கம்.